களவெட்டிக் கதைக்கு 25,000 ரூபாய்: கொடுக்கலாமா?

கேட்பவர்: கல்லாற்றுப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். என் ஊர் பெரியகல்லாறு. அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். ஏழு வருடமாக இரவில் பேய்க்கதையும் கொலைக்கதையும் எழுதி வருகிறேன். பதினொரு கதை அச்சில் வந்திருக்கிறது. அம்மாவைத் தவிர வீட்டில் எல்லோரும் "ஒரு நல்ல கதை எழுதினால் என்ன?" என்று கேட்பார்கள். எனக்கு இதுதான் நல்ல கதை.

போன மாதம் வந்த கதை களவெட்டியில், அதாவது அறுத்த கதிரை மாடு விட்டு மிதித்து நெல்லைப் பிரிக்கிற களத்தில் நடப்பது. என் அம்மப்பாவுக்கு வெல்லாவெளிப் பக்கம் வயல். சின்ன வயதில் குருமண்வெளித் துறையில் "பாதை" என்கிற மிதவைப் படகில் ஏறி, ஆற்றைக் கடந்து மண்டூருக்குப் போய், அங்கிருந்து உழவு மெஷின் பெட்டியில் குந்திக்கொண்டு வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போவோம். வெட்டு மெஷின் வராத காலத்துக் கதைகளை அம்மப்பா வயல் குடிசையான வாடியில் இருந்து சொல்லுவார். சூடு மிதிக்கிற இரவில் களவெட்டிக்குள் நினைத்த சொல்லைச் சொல்லக் கூடாதாம். நெல்லை நெல் என்று சொன்னால் பூதத்துக்குக் கேட்டுவிடும், வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். "பொலி" என்றுதான் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வேறு பெயர், சாக்குக்கு வேறு பெயர். என் கதையில் வயல் சொந்தக்காரரான ஒரு போடியார் விடியற்புறம் களவெட்டியில் செத்துக் கிடக்கிறார். கூலிக்கு வந்த வெளியூர்ப் பையன் ஒருவன் பிழையான சொல்லைச் சொல்லிவிட்டான், பூதம் அடித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. வயல் வேலையை மேற்பார்க்கிற முல்லைக்காரன் ஒருவனுக்கு மட்டும் சந்தேகம். அதற்கு மேல் இங்கே சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து ஒரு படக்குழு பேசினார்கள். முதலில் குறும்படம், பிறகு முடிந்தால் தொடர் என்றார்கள். 25,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாள் ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். எல்லா உரிமையும், எல்லா மொழிக்கும், எக்காலத்துக்கும் அவர்களுக்கு என்று அதில் இருக்கிறது. பெயர் போடுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போனில் கேட்டபோது "கதைக்கரு உதவி என்று போடலாம்" என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். ஒரு மந்திரவாதியைச் சேர்க்க வேண்டுமாம். "மட்டக்களப்பு என்றால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைக்கிற ஆட்கள்தானே" என்றார்கள். என் கதையில் மந்திரவாதி இல்லை.

எனக்குக் காசு பெரிய விஷயமில்லை. இந்த மாதிரிக் கதை எழுதுகிற ஆளுக்குப் படத்திலும் டிவியிலும் உண்மையாகவே ஒரு பாதை இருக்கிறதா, அந்தப் பாதையில் இப்படித்தான் கால் வைக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: செங்கலடி வாசகி

தங்கச்சி, முதலில் வாழ்த்து. என் கருத்து, கொடுத்துவிடுங்கள். முதல் படம் வெளியில் வந்தால்தான் இரண்டாவதற்கு ஆள் தேடி வரும்.

பாதை இருக்கிறதா என்று கேட்டீர்கள். தமிழில் இருக்கிறது, அதுவும் டிவியில்தான் பெரிதாக இருந்தது. எனக்குப் பதின்மூன்று, பதினாலு வயதாக இருக்கும்போது கொழும்பிலிருந்த சித்தி "மர்மதேசம்" தொடரை வீடியோ கசற்றில் பதிந்து அனுப்புவா. எங்கள் ஒழுங்கையில் அப்போது கரண்ட் இல்லை. நாலு வீட்டார் காசு சேர்த்து ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் எட்டு எபிசோட் பார்ப்போம். அதில் வந்த "விடாது கருப்பு" கதையைப் பார்த்த பிறகு குதிரைக் குளம்புச் சத்தம் மாதிரி எது கேட்டாலும் எனக்கு உடம்பு கூசும். எங்கள் ஊரில் குதிரையே கிடையாது.

அதை எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். மதுரையில் இருந்துகொண்டு நாவல் எழுதியவர். "விட்டுவிடு கருப்பா" என்ற அவருடைய நாவல்தான் நாகாவின் இயக்கத்தில் "விடாது கருப்பு" ஆனது. தயாரித்தது கே. பாலசந்தரின் நிறுவனம். ஊர்க்காவல் தெய்வம் தண்டிக்கிறதா, மனிதர் யாராவது செய்கிறார்களா என்று கடைசி வரை நம்மைப் பிடித்து வைத்திருந்ததே, அந்தப் பிடிதான் உங்கள் கதையிலும் இருக்கிறது. பிறகு நாகா எடுத்த "ஆனந்தபுரத்து வீடு" படத்திலும் அவருடைய எழுத்து இருந்தது. 2024 நவம்பரில் அவர் மறைந்த செய்தி வந்த அன்று அந்தக் கசற்றுகளைத் தேடினேன். பூஞ்சணம் பிடித்து ஒன்றும் மிஞ்சவில்லை.

துப்பறியும் கதைக்காரர்களில் சுபா இரட்டையரைப் பாருங்கள். மாத நாவலில் தொடங்கி, இயக்குநர் கே.வி. ஆனந்தோடு "அயன்", "கோ" என்று படம் படமாக வேலை செய்தார்கள். ஒரு இயக்குநருக்கு உங்கள் கை பிடித்துப்போனால் பாதை தானாகத் திறக்கும். 25,000 ரூபாயைக் கணக்குப் பார்த்துக் கதவை மூடிவிடாதீர்கள்.

பதில்: மாமாங்கத்தார்

மகள், உங்கள் கதையை நேற்று இரவு தேடி எடுத்து இரண்டு தரம் வாசித்தேன். முல்லைக்காரன் வைக்கோலை மணந்து பார்க்கிற இடத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தேன். அதனால் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. இருப்பது அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் தீர்த்தக்குளத்துக்குக் கிட்ட. எழுபதுகளில் வானொலிக்கு நாடகம் எழுதினேன். முக்கால்வாசி மர்ம நாடகம், ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். கார்பன் தாள் வைத்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் தபாலில் கொழும்புக்கு அனுப்புவேன். அந்தப் பதினைந்து நிமிடம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். வானொலியில் பேயைக் காட்ட முடியாது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலா கிறீச்சிடுகிற சத்தம் மூன்று தரம் கேட்கும், நாலாம் தரம் கேட்காது. அந்தக் கேட்காத சத்தத்தில்தான் பயம் இருக்கிறது.

இந்த அமிர்தகழியில் பிறந்தவர்தான் பாலு மகேந்திரா. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைப் பார்த்துவிட்டு சினிமாதான் என்று முடிவெடுத்தவர். அவருடைய "மூடுபனி" 1980 இல் வந்தது. நான் பல வருடம் கழித்து டெக்கில்தான் பார்த்தேன். கதை ராஜேந்திரகுமாரின் "இதுவும் ஒரு விடுதலைதான்" நாவலிலிருந்து எடுத்தது. ஆனால் ஹொலிவூட் இயக்குநர் ஹிட்ச்கொக்கின் "சைக்கோ" படத்தின் நிழல் அதில் நன்றாகத் தெரியும். அப்படித் தேடிப் போய்த்தான் மருதானைப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் "சைக்கோ" நாவலை வாங்கினேன். எழுதியவர் ரொபர்ட் புளொக். படத்தை எல்லோருக்கும் தெரியும், இந்த மனிதரைத் தெரியாது. உங்கள் கேள்விக்கு இவருடைய வாழ்க்கையைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

1917 இல் சிகாகோவில் பிறந்தவர். பத்து வயதில் ரயில் நிலையத்தில் மாமி ஒருத்தி "உனக்கு எந்தப் புத்தகம் வேண்டும்?" என்று கேட்க, "வியர்ட் டேல்ஸ்" என்ற பேய்க்கதைச் சஞ்சிகையைக் காட்டினாராம். பிறகு அதில் எழுதிக்கொண்டிருந்த லவ்கிராப்டுக்குக் கடிதம் போட்டார். அவ்வளவு பெரிய எழுத்தாளர் இந்தப் பையனுக்குப் பதில் எழுதி, நீயும் எழுது என்றார். பதினேழு வயதில் முதல் கதை விற்றது. அந்தக் காலத்தில் அந்தச் சஞ்சிகை கொடுத்தது ஒரு சொல்லுக்கு ஒரு சதம் அளவில். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. பத்து வருடத்துக்கு மேல் மில்வோக்கியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டே இரவில் கதை எழுதினார். உங்களைப் போலத்தான்.

1945 இல் வானொலிக்கு வந்தார். பதினைந்து நிமிடப் பயங்கர நாடகம், மொத்தம் 39. இதை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கோ ஒரு ஊரில் ஒரு ஆள் எனக்கு முன்னாலேயே அதே பதினைந்து நிமிடத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

பிறகு மனைவியின் சுகவீனம் காரணமாக விஸ்கொன்சினில் வேயாவேகா என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார். 1957 நவம்பரில் அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி, பிளெயின்பீல்ட் என்ற ஊரில் எட் கீன் என்பவனைப் பொலிஸ் பிடித்தது. கொலையும் செய்து புதைகுழியும் தோண்டிய ஆள். நாங்கள் மட்டக்களப்பிலிருந்து நிந்தவூருக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளொக்கைப் பிடித்துக்கொண்டது இரத்தம் இல்லை. பக்கத்து வீட்டில் என்ன கறி என்று எல்லோருக்கும் தெரிகிற சின்ன ஊரில், ஒருவன் இத்தனை காலம் எப்படித் தெரியாமல் இருந்தான் என்ற கேள்விதான். கீனைப் பற்றி முழுதும் தேடிப் பார்க்காமலே தன் மனதிலிருந்து ஒரு ஆளைச் செய்தார். 1959 இல் நாவல் வந்தது. உங்கள் களவெட்டியிலும் அதே கேள்வி இருக்கிறது, மகள். ஊர் பூதத்தைக் கைகாட்டுகிறது, ஏனென்றால் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்க்க அதற்கு விருப்பமில்லை.

இப்போது விற்பனைக்கு வருகிறேன். படவுரிமைக்கு 9,500 டொலர் கொடுத்தார்கள். வாங்குவது யார் என்று சொல்லவே இல்லை. ஹிட்ச்கொக் என்று தெரிந்தது பிறகுதான். அந்தத் தொகையிலும் பதிப்பகத்துக்குப் பங்கு, முகவருக்குப் பங்கு. படத்தின் லாபத்தில் பங்கு என்று ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை. திரைக்கதையை எழுதியது ஜோசப் ஸ்டெபானோ. தன் டிவி தொடரில் வேலை செய்தவர்களை வைத்து ஹிட்ச்கொக் எட்டு லட்சம் டொலர் அளவில் படத்தை முடித்தார். 1960 இல் வெளிவந்து அது வாரிக் கொட்டியது. எழுதியவருக்குக் கிடைத்தது முதலில் கொடுத்ததுதான்.

ஒரு முறை, ஒரு தொகை, முழுதும். உங்களுக்கு அனுப்பியிருக்கிற தாளும் அதே தாள்தான்.

ஆனால் புளொக்கின் கதை அதோடு முடியவில்லை. முடிந்திருந்தால் உங்களுக்கு இதைச் சொல்லவே மாட்டேன். "விசித்திரத் தையல்காரர்" என்று தமிழில் சொல்லக்கூடிய அவருடைய ஒரு சிறுகதை இருக்கிறது. செத்துப்போன மகனை எழுப்புவதற்காக, யாரும் காணாத ஒரு துணியில் உடுப்புத் தைத்துத் தரச் சொல்லி ஒரு தகப்பன் தையல்காரனிடம் வருகிறான். 1950 இல் சஞ்சிகையில் வந்த கதை. 1961 இல் "திரில்லர்" என்ற டிவி தொடருக்கு அதை அவரே எழுதிக் கொடுத்தார். 1972 இல் இங்கிலாந்தில் அமிக்கஸ் கொம்பனி எடுத்த "அசைலம்" படத்துக்கு மறுகா ஒரு தரம் எழுதினார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கதை மூன்று வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது. லண்டனில் கடைசி வரை பிடிபடாத கொலைகாரன் ஜாக் த ரிப்பரை வைத்து 1943 இல் எழுதிய கதையும் அப்படித்தான். வானொலிக்குப் போனது, டிவிக்குப் போனது, 1967 இல் அந்தக் கருவை "ஸ்டார் ட்ரெக்"கில் விண்வெளிக்கே கொண்டுபோனார். அந்தத் தொடருக்கு அவர் எழுதியது மூன்று எபிசோட்.

அவரைப் பிழைக்க வைத்தது டிவி எபிசோடுகள்தான். "சைக்கோ" படம் வருவதற்கு முன்பே, 1959 இல், ஒரு நண்பர் வாங்கிக் கொடுத்த சின்ன டிவி வேலையை நம்பி ஹொலிவூட்டுக்குப் போனார். நாவலைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்திருந்தால் அந்த 9,500 டொலரோடு எல்லாம் முடிந்திருக்கும். திரைக்கதை எழுதப் பழகிக்கொண்டார். ஹிட்ச்கொக்கின் டிவி தொடருக்கே பல எபிசோட் எழுதினார். வில்லியம் காசில் என்ற தயாரிப்பாளருக்கு "ஸ்ட்ரெயிட் ஜாக்கெட்" எழுதினார்.

மந்திரவாதியைச் சேர்க்கச் சொன்னதைப் பற்றி. அதற்கும் இவரிடம் ஒரு சம்பவம் இருக்கிறது. ஹிட்ச்கொக் தொடருக்கு ஒரு வித்தைக்காரனையும் அவனிடம் வந்து சேர்ந்த புத்தி குறைந்த பையனையும் வைத்து ஒரு எபிசோட் எழுதினார். படமும் எடுத்துவிட்டார்கள். முடிவு கொடூரம் என்று விளம்பரக்காரர் மறுத்ததால் முதல் ஒளிபரப்பில் அது போகவே இல்லை. டிவி என்றால் கத்தரிக்கோல் வேறொருவர் கையில் இருக்கும். அதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் கதை உங்கள் பெயரில், உங்கள் சொல்லில், உங்கள் புத்தகத்தில் இருக்க வேண்டும். எக்காலத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டால், உங்கள் புத்தகத்தில் போடவும் அவர்களைக் கேட்க வேண்டி வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. எழுபதுகளில் ஒரு நாடகத்துக்குப் பற்றுச்சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அச்சடித்த சீட்டு, கீழே சின்ன எழுத்தில் எல்லா உரிமையும் கொடுத்ததாக இருந்தது. நான் வாசிக்கவில்லை. பல வருடம் கழித்து அயல் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது என் வசனம் கேட்டது. துலாச் சத்தமும் அப்படியே. பெயர் வேறு. கேட்கப் போனபோது அந்தப் பற்றுச்சீட்டைக் காட்டினார்கள். என் பக்கம் காட்ட என்னிடம் கார்பன் பிரதிகூட இல்லை. 1978 நவம்பர் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது, அலுமாரியில் இருந்த பிரதி எல்லாம் கூழாகிவிட்டன. அதற்குப் பிறகு நான் நாடகம் எழுதவில்லை.

செங்கலடித் தங்கச்சி சொல்வதில் பாதி சரி. கதவை மூடக் கூடாது. ஆனால் சாவியையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

பதில்: சம்மாந்துறையான்

மாமாங்கத்தார் ஐயா எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. நான் குறும்படங்களுக்கு ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் செய்கிற ஆள். தங்கச்சி, தாள் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

இலங்கையில் இதற்கு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. நீங்கள் எழுதிய நிமிடத்திலிருந்தே கதை உங்களுடையது, எங்கேயும் பதிய வேண்டியதில்லை. உங்கள் ஆயுள் முழுதும், அதற்குப் பிறகு 70 வருடமும் அந்த உரிமை இருக்கும். அதைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதனால்தான் அந்தத் தாளை இவ்வளவு அவசரமாகக் கேட்கிறார்கள். உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேட்பது தனி உரிமை. அது தயவு இல்லை, சட்டம்.

சரி, என்ன கேட்பது? உரிமையை விற்காமல் அனுமதி கொடுங்கள். ஒரு குறும்படம், தமிழில், இத்தனை நிமிடத்துக்குள், இரண்டு வருடத்துக்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அனுமதி தானாக முடியும். தொடரோ பெரிய படமோ என்றால் புதிதாகப் பேச வேண்டும், அப்போது திரைக்கதை எழுத முதலில் உங்களைக் கேட்க வேண்டும். பெயர் "கதை" என்று தனியாக வர வேண்டும். "கதைக்கரு உதவி" என்றால் பின்னால் அதை வைத்து நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது. தாள் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். கையெழுத்து வைக்க முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள், ஒரு மணி நேர வேலைதான்.

அப்புறம் காசு. முதல் குறும்படம் எடுக்கிற பிள்ளைகளிடம் உண்மையாகவே காசு இருக்காது, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொகையில் விட்டுக்கொடுங்கள், உரிமையில் விட்டுக்கொடுக்காதீர்கள். குறைந்த காசுக்குக் குறைந்த உரிமை என்று சொன்னால் அவர்களுக்கும் விளங்கும்.

இன்னொன்று. எங்கள் வாப்பாவும் வட்டையில் சூடு மிதித்த ஆள்தான். களவெட்டிக்குள் "பொலி" என்றுதான் அவரும் சொல்லுவார். உங்கள் கதையில் இரவுச் சத்தங்களை எழுதியிருக்கிறீர்களே, மாட்டை ஓட்டுகிறவனின் குரல் நடுவில் நின்று போகிற இடம், அதைப் படமாக எடுத்தால் ஒலியை நான் செய்து தருகிறேன். இன்ஷா அல்லாஹ்.

கேட்பவர்: கல்லாற்றுப் பிள்ளை

ஐயா, நானா, அக்கா, மூன்று பேருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துலாச் சத்தத்துக்கு அம்மா அழுதுவிட்டா.

நானா சொன்னபடியே நேற்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒரு குறும்படத்துக்கு மட்டும் அனுமதி, பெயர் "கதை" என்று வர வேண்டும், தொகை 15,000 ஆனாலும் பரவாயில்லை என்று எழுதினேன். மந்திரவாதி வேண்டாம் என்றும் எழுதினேன். அதற்குக் காரணமும் சொன்னேன். மந்திரவாதி வந்தால் பார்க்கிற ஆள் அவனைத்தான் பார்ப்பான். ஊர்க்காரர் யாரும் குற்றவாளியாகத் தெரிய மாட்டார்கள். கதை அங்கேயே செத்துவிடும்.

ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. திரைக்கதையை நானே எழுதுகிறேன் என்று கேட்கலாமா? நான் ஒரு நாளும் எழுதியதில்லை.

பதில்: மாமாங்கத்தார்

கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள். புளொக் ஹொலிவூட்டுக்குப் போனபோது அவருக்கும் நாற்பத்திரண்டு வயது, படத்துக்கு எழுதிப் பழக்கமில்லை. எழுதித்தான் பழகினார்.

உங்கள் கதையையே எடுத்துக்கொண்டு ஒரு வேலை செய்யுங்கள். முதல் பக்கத்தில் போடியாரின் மனதில் ஓடுவதை எழுதியிருக்கிறீர்கள், மகள் கலியாணம், கடன், தம்பியோடு வழக்கு. கமராவுக்கு மனதுக்குள் போக முடியாது. அந்த மூன்றையும் அவர் கையில் கொடுங்கள். கடனுக்கு ஒரு துண்டுக் கடதாசி மடியில் இருக்கட்டும். வழக்குக்கு, வரம்பில் தம்பி நாட்டிய ஒரு தடியை அவர் பிடுங்கி எறியட்டும். கலியாணத்துக்கு என்ன செய்வது என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும், எனக்கு இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை.

பேச்சைப் பாதியாகக் குறையுங்கள். பயமான கதையில் ஆட்கள் நிறையப் பேசினால் பயம் போய்விடும். களவெட்டியில் பேசவே பயப்படுகிற ஆட்கள் அவர்கள். தடைச் சொல்லைத் தவிர்த்துத் தவிர்த்துப் பேசுகிறார்கள் என்பதே உங்கள் படம். அந்தப் பையன் பிழையான சொல்லைச் சொல்லும்போது பாட்டு, இசை ஒன்றும் வேண்டாம். மாடு நிற்கட்டும். ஒரு ஆள் தலையைத் திருப்பட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். மாட்டுக்கும் சாக்குக்கும் வேறு பெயர் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பெயர்களைக் கதையில் சொல்லவில்லை. திரைக்கதையில் சொல்ல வேண்டி வரும். யாரோ எழுதிய புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். வட்டைக்கு வட்டை சொல் மாறும். உங்கள் அம்மப்பா வாயிலிருந்து வருகிற சொல்தான் வெல்லாவெளிச் சொல். எழுதி முடித்ததும் மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள். ஒன்றை எனக்கு அனுப்பினால் நான் பத்திரமாக வைத்திருப்பேன்.

கேட்பவர்: கல்லாற்றுப் பிள்ளை

பதில் வந்துவிட்டது. 15,000 ரூபாய், ஒரு குறும்படம், இரண்டு வருடம். பெயர் "கதை, திரைக்கதை" என்று போடுகிறார்களாம், திரைக்கதையை மூன்று கிழமைக்குள் கொடுத்தால். தொடரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்கிறார்கள். மந்திரவாதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதைத் தாளில் எழுதிக் கேட்கப் போகிறேன். தாள் தமிழில் வந்ததும் களுவாஞ்சிக்குடியில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுகிறேன்.

கலியாணத்துக்கு ஒன்று தோன்றியது, ஐயா. போடியார் வாடிக்குள் ஒரு புதுப் பாயைச் சுருட்டிக் கூரை இறப்பில் செருகி வைத்திருக்கிறார், பொலி வீட்டுக்குப் போகிற அன்றைக்குத்தான் விரிப்பேன் என்று. விடியற்புறம் அவரை அந்தப் பாயில்தான் கிடத்துகிறார்கள்.

அம்மப்பாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நன்றாக இருக்கிறது. களவெட்டிச் சொல்லை வீட்டுக்குள் வைத்துச் சொல்ல மாட்டேன், வட்டைக்குக் கூட்டிக்கொண்டு போ, அங்கே சொல்கிறேன் என்று போனில் சொன்னார். சனிக்கிழமை காலையில் முதல் பாதையில் மண்டூருக்குப் போகிறேன்.